ஹல்லா சுமந்து வந்த தங்கம்

குதிரையேற்றம் கற்றுக்கொள்ளப் போன யாரையும் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் பாடத்துக்குப் பிறகு வலிப்பது கையோ முதுகோ அல்ல, தொடையின் உட்பக்கம்தான். மறுநாள் மாடிப்படி இறங்கவே முடியாது. குதிரையின் விலாவை அணைத்து உட்காருவதும், அதனிடம் 'போ', 'மெதுவாக', 'இப்போது தாண்டு' என்று வாய் திறக்காமல் சொல்வதும் அந்தத் தசைகள்தான். 1956 ஜூன் 17 அன்று, ஸ்டாக்ஹோம் மைதானத்தில், ஜெர்மனியின் ஹான்ஸ் குந்தர் விங்க்லருக்குக் கிழிந்துபோனது சரியாக அந்த இடம்.

அந்த ஆண்டு ஒலிம்பிக் நடந்தது மெல்போர்னில். ஆனால், வெளிநாட்டுக் குதிரைகளை ஆஸ்திரேலியா தன் மண்ணில் எளிதில் இறங்கவிடாது. நோய்த்தடுப்புச் சட்டம் அவ்வளவு கடுமை. அதனால் குதிரையேற்றப் போட்டிகளை மட்டும் பிரித்தெடுத்து, ஐந்து மாதம் முன்னதாகவே ஸ்வீடனில் நடத்தினார்கள். தடை தாண்டுதலில் இரண்டு சுற்று. ஒரு கட்டை விழுந்தால் 4 பிழைப்புள்ளி. முதல் சுற்றில், கடைசிக்கு முந்தைய தடையை நெருங்கும்போது, விங்க்லரின் பெண்குதிரை ஹல்லா அவர் எதிர்பார்ப்பதற்கு முன்பே எழும்பிவிட்டது. அவர் மேலே தூக்கி எறியப்பட்டு, சேணத்தின் மீதே வந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே தசை கிழிந்தது. எப்படியோ சுற்றை முடித்துவிட்டார், 4 பிழைப்புள்ளிகளோடு.

விலகிக்கொண்டிருக்கலாம். ஆனால், அணிக்கு மூன்றே வீரர்கள், மூவர் புள்ளியும் கணக்கில் சேரும். ஒருவர் நின்றுவிட்டால் அணியே வெளியே. வலிக்கு மருந்து கொடுத்தார்கள். அதிலும் ஒரு சிக்கல்: அதிகம் கொடுத்தால் தலை சுற்றும், குறைத்தால் குதிரை மேல் உட்காரவே முடியாது. மயக்கம் தெளியக் கடுங்காப்பி குடிக்க வைத்து, சேணத்தில் ஏற்றிவிட்டார்கள். இன்றைக்கு அப்படி ஒருவரைக் களத்தில் இறக்கினால் குதிரைக்காகவாவது யாராவது குறுக்கே நிற்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாம் சுற்றில் அவர் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று: அடுத்த தடை எது என்று குதிரையின் முகத்தைத் திருப்பிக் காட்டுவது. எப்போது எழும்ப வேண்டும், எவ்வளவு வேகம் வேண்டும் என்று சொல்லக் கால் இல்லை. ஹல்லா தாண்டியது. அடுத்ததையும் தாண்டியது. ஒவ்வொரு முறை தரையில் இறங்கும்போதும் மேலே இருப்பவர் வலியில் முனகுகிறார். ஒரு கட்டைகூட விழவில்லை. தனிநபர் தங்கம் விங்க்லருக்கு. 8, 11 பிழைப்புள்ளிகளோடு இத்தாலியச் சகோதரர்கள் ரைமோண்டோ டின்சேயோவும் பியரோ டின்சேயோவும் அவருக்குப் பின்னால். அணித் தங்கமும் ஜெர்மனிக்கே.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது நம் ஊர்ப் பழமொழி. அன்று நடந்தது அதற்கு நேர்மாறு. இதற்கு மேல் ஹல்லாவை 'அது' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

எஜமானின் வலியைப் புரிந்துகொண்டு அவள் அப்படித் தாண்டினாள் என்று கதை சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. பதில் அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் இருக்கிறது.

ஹல்லா பிறந்தது 1945 மே 16, டார்ம்ஸ்டாட்டில். ஜெர்மனி சரணடைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஊர் குண்டுவீச்சில் பாதி சாம்பல். தகப்பன் ஓபர்ஸ்ட், வண்டிப் பந்தயத்தில் ஓடும் இனம். தாய் ஹெலனின் வம்சம் யாருக்கும் தெரியாது. போர்க்காலத்தில் பிரான்ஸிலிருந்து வந்து சேர்ந்தவள் என்பார்கள். காகிதத்தில் பார்த்தால் இந்த ஜோடிக்குப் பிறந்த குட்டியை யாரும் தடை தாண்டப் பழக்க மாட்டார்கள். பந்தயத்தில் ஓடவிட்டார்கள். ஒலிம்பிக் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அடங்காத குதிரை, எளிதில் மிரளும், யார் பேச்சையும் கேட்காது என்று பேர் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

1951-ல் அவள் விங்க்லரிடம் வந்தபோது அவருக்கு வயது 25-ஐ ஒட்டித்தான். குதிரையேற்ற ஆசிரியரான தகப்பனைப் போரின் கடைசி நாட்களில் பறிகொடுத்தவர். லாய வேலை பார்த்து மேலே வந்தவர். அவளிடம் தொடக்கத்தில் அவருக்கும் தோல்விதான். இழுத்துப் பிடித்தால் அவள் இன்னும் வெறிப்பாள், காலால் அழுத்தினால் பறப்பாள். மெல்ல மெல்ல அவர் கற்றுக்கொண்டது, சும்மா இருப்பதை. பாதையைக் காட்டிவிட்டு, மிச்சத்தை அவளிடம் விட்டுவிடுவது. 1954-லும் 1955-லும் உலக சாம்பியன் பட்டம் வந்தது அப்படித்தான். ஸ்டாக்ஹோமில் அவர் கால் செயலிழந்தபோது ஹல்லாவுக்கு அது புதிதல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. பேசாத சவாரிக்காரர் அன்று இன்னும் கொஞ்சம் குறைவாகப் பேசினார், அவ்வளவுதான்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இன்னோர் அணித் தங்கம். அதே ஆண்டு ஓய்வு கொடுத்தார்கள். 125 வெற்றிகள். பிறகு அவள் தன்னை வளர்த்த குஸ்டாவ் ஃபியர்லிங்கின் பண்ணைக்கே திரும்பிப் போனாள். அங்கே எட்டுக் குட்டிகள் ஈன்றாள். அந்த ரத்தம் இன்னொரு ஹல்லாவைத் தரும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்துபோனார்கள். எட்டில் ஒன்றுகூடத் தாயின் பக்கத்தில் வரவில்லை.

விங்க்லர் நிற்கவில்லை. டோக்கியோவில் ஃபிடெலிடாஸ், மியூனிக்கில் டார்ஃபி என்று வேறு குதிரைகளில் ஏறி மேலும் இரண்டு அணித் தங்கம் வென்றார். மொத்தம் ஐந்து ஒலிம்பிக் தங்கம். 2018-ல், 92-வது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போது காலமானார். இரங்கல் செய்திகளில் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே வந்த பெயர் ஃபிடெலிடாஸும் இல்லை, டார்ஃபியும் இல்லை.

குதிரைகள் 25, 30 வயது வரை வாழ்ந்தாலே நல்ல ஆயுள். ஹல்லா 34-ஐத் தாண்டினாள். 1979 மே 19, பிறந்தநாள் முடிந்த மூன்றாம் நாள் இறந்தாள். ஜெர்மன் குதிரையேற்றச் சம்மேளனம் அவளுக்குச் செய்த மரியாதை ஒன்று உண்டு. அங்கே எந்த விளையாட்டுக் குதிரைக்கும் 'ஹல்லா' என்று இனிப் பெயர் வைக்கக் கூடாது.