வலிக்காத பருவை அலட்சியம் செய்யாதீர்கள்

கொழுந்து பறிக்கும் நமக்குக் கையிலோ காலிலோ ஒரு தடிப்பு வந்தால், அட்டை அல்லது மயிர்க்கொட்டி என்போம். பெரும்பாலும் சரிதான், சில நாளில் வற்றிவிடும். இரவில் விரலிடுக்கும் இடுப்பும் அரித்து, லயத்து அறையில் பிள்ளைகளும் சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம். மருந்தை வீட்டார் அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும். ஒருவர் மட்டும் பூசினால் மறுபடி தொற்றும்.

நாம் விட்டுவிடுவது வலியும் அரிப்பும் இல்லாத பருவைத்தான். வலிக்காததற்கு யார் அரைப்பேரை இழப்பார்? இந்நாட்டிலேயே தொற்றியதாக 1992இல் அம்பலாந்தோட்டையில் முதலில் அறியப்பட்ட லீஷ்மேனியா நோய் அப்படித்தான் தொடங்கும். மணல் ஈ கடித்த இடத்தில் வரும் சிறு பரு மாதக்கணக்கில் பெரிதாகிப் புண்ணாகும். அது அநுராதபுரம், ஹம்பாந்தோட்டை போன்ற வறண்ட பக்கங்களில்தான் அதிகம். அங்கே வேலைக்குப் போய்வந்த மகனின் கையைப் பாருங்கள்.

மூன்று வாரமாகியும் ஆறாத பரு, தொட்டால் உணர்ச்சியில்லாத தேமல் இரண்டையும் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், மருந்து இலவசம். தடிப்போடு முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஓடுங்கள். சுண்ணாம்பு மட்டும் தடவிக்கொண்டு போகாதீர்கள். டாக்டர் பருவைப் பார்க்க வேண்டுமே!