பத்தே நாளில் திருப்பிக் கொடுத்தேன்!

நாய்க்குட்டி வேண்டுமென்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அடம் பிடிக்கிறார்களா? நான் செய்த தவறைக் கேட்டுவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள் சகோதரிகளே!

மூன்று வருடத்துக்கு முன், என் மகளின் தொல்லை தாங்காமல், எங்கள் ஊர் பிராணிகள் காப்பகத்தில் இருந்து ஒரு நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வந்தேன். மூன்று மாதக் குட்டி. கறுப்பு நிறம், மார்பில் மட்டும் வெள்ளை. 'மணி' என்று பெயர் வைத்தாள் மகள். வீட்டில் வேறு யாரையும் நான் கேட்கவில்லை. பார்த்தால் தானாகப் பிடித்துப் போகும் என்று நினைத்தேன்.

முதல் ராத்திரியே வராந்தாவில் விடிய விடிய அழுதது. மாமியாரின் பூஜை அறை வாசலை நனைத்தது. என் கணவரின் புதுச் செருப்பைக் கடித்துக் குதறியது. மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா, "ஒரு வார்த்தை சொல்லலியே" என்று முகத்தைத் தூக்கினார். பத்தாம் நாள், "நமக்கு இது சரிப்படாது, கொண்டு போய் விட்டுடு" என்றார் கணவர்.

ஆட்டோவில் என் மடியில் வாலை ஆட்டிக்கொண்டே வந்த குட்டி, கூண்டில் விட்டதும் மூலையில் போய்ச் சுருண்டு கொண்டது. கூப்பிட்டேன். திரும்பவே இல்லை.

அன்று என் மகள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மாமியாரே, "வாயில்லாத ஜீவன், பாவம். போய்க் கூட்டிட்டு வந்துடும்மா" என்றார். கணவரும் மறுக்கவில்லை.

காப்பகத்தில் இருந்த அம்மா உடனே தரவில்லை. "வீட்ல எல்லாருக்கும் சம்மதமா? வீட்டுக்காரங்க ஒத்துக்கிட்டாங்களா? நீங்க ஊருக்குப் போனா யார் பார்த்துப்பாங்க?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. இதை எல்லாம் முதலிலேயே நான் அல்லவா யோசித்திருக்க வேண்டும்? வீட்டுக்கார அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மறுநாள் போய்த்தான் மணியை அழைத்து வந்தேன்.

அவர் சொன்ன யோசனைகள் இவை: புது இடத்தில் பயத்தில்தான் குட்டி அழும். நாம் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பழைய புடவையை மடித்துப் போட்டுப் படுக்க வைக்க வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் உடனே வெளியில் ஒரே இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் ஆறேழு மாதம் வரை எதையாவது கடிக்கத்தான் செய்யும். அதற்கென்று பழைய துணியைக் கெட்டியாக முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டு, செருப்பை உயரத்தில் வைத்துவிட வேண்டும். வெங்காயம், சாக்லேட் கூடவே கூடாது. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தொடங்கி, வருடா வருடம் தவறாமல் போட வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனையும் டாக்டரைக் கேட்டுச் செய்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழகுவதற்கு மூன்று மாதமாவது பொறுத்திருக்க வேண்டும்.

எங்களுக்கு இரண்டு மாதமே போதுமானதாக இருந்தது!

இப்போது மாதம் ஒரு நாள் அந்தக் காப்பகத்துக்குப் போகிறேன். புதிதாகக் குட்டி எடுத்துப் போனவர்களுக்குப் போன் செய்து விசாரிப்பது என் வேலை. "திருப்பிக் கொடுத்துடலாமான்னு இருக்கு" என்று சொல்பவர்களில் பலருக்கும் என் வீட்டுப் பிரச்னையேதான். நான் பட்டதைச் சொல்கிறேன். "சரி, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறோம்" என்கிறார்கள்.

உண்மையிலேயே வளர்க்க முடியவில்லை என்றால், எடுத்த இடத்திலேயே ஒப்படையுங்கள். தெருவில் மட்டும் விட்டுவிடாதீர்கள். பசி, தாகத்தில் வாடும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

இன்று மணி படுப்பது எங்கே தெரியுமா? என் மாமியாரின் கட்டிலுக்கு அடியில்! அவர் கையால் வைத்தால்தான் தயிர்ச்சோறே இறங்குகிறது.

குட்டியைப் பார்க்கப் போகும் முன், வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். நான் அதைச் செய்யாததால், ஒரு பிஞ்சு ஜீவன் நான்கு நாள் அந்த மூலையில் கிடந்தது.

– ஒரு வாசகி, கோவை.