லாரியை இழுக்கும் லாரி: தேய்ந்த என்ஜினுக்கு மறுபிறவி!

சாலையில் ஒரு லாரி படுத்துக்கொண்டால், அதை இழுத்துப் போக இன்னொரு லாரி வருகிறது. இழுக்க வந்த லாரியே படுத்துக்கொண்டால்?

சாலை அடைபடும். அந்த லாரிக்காரர் வீட்டில் அடுப்பும் எரியாது!

இழுவை லாரிகளில் பல, பழைய வண்டிகள். சரக்கு ஏற்றி ஓடிக் களைத்த லாரியை வாங்கி, அதன் முதுகில் கிரேனைப் பொருத்தி இழுவை வேலைக்கு விடுவது உண்டு. உடம்பு கெட்டியாக இருக்கும். என்ஜின் தேய்ந்து போயிருக்கும்.

அதைப் பிரித்துப் புதுப்பிப்பதா? அல்லது வேறு என்ஜின் மாட்டுவதா? பணத்தைக் கொட்டும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

புயல் காட்டிய பாடம்

சென்னையில் இருந்து கடலூர், நாகப்பட்டினம் போகும் லாரிகள் புதுச்சேரி வழியாகப் போகின்றன. விழுப்புரம் சாலையும் இங்கே வந்து சேர்கிறது. மேட்டுப்பாளையத்தில் லாரி முனையம் இருக்கிறது. ஊருக்குள்ளோ, பிரெஞ்சுக்காரர் காலத்தில் கோடு போட்டது போல் அமைத்த வீதிகள். அங்கே ஒரு வண்டி நின்றால், பின்னால் வரிசையாக எல்லாம் நிற்கும்.

2024 நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தெருவில் நின்ற வண்டிகள் மூழ்கின.

என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாது. செய்தால், உள்ளே இருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியை இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும்.

முதல் இழுவை வண்டி

இழுவை வண்டியை உருவாக்கியவர் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற அமெரிக்கர். ஊர், சட்டனூகா. ஆண்டு 1916.

அவருக்குத் தெரிந்தவரின் கார் ஓடையில் விழுந்தது. ஆட்களும் கயிறுமாகப் பல மணி நேரம் போராடி அதை மேலே எடுத்தார்கள். "இதற்கு ஒரு எந்திரம் வேண்டும்" என்று நினைத்தார் ஹோம்ஸ். பழைய கார் ஒன்றில் பாரந்தூக்கியைப் பொருத்தினார். இன்று அந்த ஊரில் இழுவை வண்டிகளுக்கு என்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

என்ஜின் ஏன் தேய்கிறது?

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அழுத்தினால் சூடு பிறக்கும். டீசல் என்ஜினும் அப்படித்தான்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே போய்க் காற்றை நெருக்குகிறது. சூடு 500 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. அதில் டீசலைப் பீய்ச்சியதும் பற்றிக்கொள்கிறது. தீப்பொறியே தேவை இல்லை!

பிஸ்டனைச் சுற்றி உள்ள ரிங்குகள் காற்று கசியாமல் தடுக்கின்றன. ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்தால் காற்று நழுவும். சூடு குறையும். இழுவை போய்விடும்.

இழுவை லாரிக்கு இது பெரிய ஆபத்து. மேம்பாலத்தில் ஏறும்போது என்ஜின் நின்றால், பிரேக்குக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரசரும் நின்றுவிடும். டேங்கில் மிச்சம் இருக்கும் காற்றுதான் கை கொடுக்கும். பின்னாலோ ஒரு லாரி தொங்குகிறது!

புகை சொல்லும் சேதி

நீலப் புகை வந்தால், என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது.

கறுப்புப் புகை வந்தால், டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு.

வெள்ளைப் புகை விடாமல் வந்தால், டீசல் சரியாக எரியவில்லை அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது.

ஆனால், புகையை மட்டும் பார்த்து என்ஜினை இறக்கிவிடக்கூடாது. ஏர் பில்டர் அடைத்திருந்தாலும் கறுப்புப் புகை வரும். நாசில் கெட்டாலும் வரும். அவை சின்னச் செலவு.

முதலில் ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளக்கவேண்டும். குறைந்தால் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரின் மேலும் கீழும் அளக்கவேண்டும். மேல்புறம்தான் அதிகம் தேயும். அங்கேதான் சூடு அதிகம்.

மூன்று வழிகள்

ஒன்று, புதுப்பிப்பது. பழைய ஸ்லீவை எடுத்துவிட்டுப் புதியதை இறக்கலாம். ஸ்லீவ் இல்லாத என்ஜின் என்றால், லேத் பட்டறையில் ரீபோர் செய்து, சற்றுப் பெரிய பிஸ்டனைப் போடலாம். கிராங்கைக் கடைந்து, அதற்கு ஏற்ற பேரிங் போடவேண்டும். பாடியில் விரிசல் இல்லாமலும் கிராங்க் நல்ல நிலையிலும் இருந்தால், இதுவே சிக்கனம்.

இரண்டு, பழைய என்ஜின் வாங்குவது. சென்னை புதுப்பேட்டை இதற்குப் பெயர் பெற்ற இடம். வேலை சீக்கிரம் முடியும். ஆனால், அதன் உள்ளே எவ்வளவு தேய்மானம் என்பது வெளியே தெரியாது. ரசீதும், என்ஜின் நம்பரும் சரியாக இல்லாவிட்டால் வாங்கவே கூடாது.

மூன்று, புதிய என்ஜின். செலவு அதிகம். வண்டியின் மற்ற பாகங்கள் இன்னும் பல ஆண்டு தாங்கும் என்றால்தான் கட்டுப்படி ஆகும்.

என்ஜினை மாற்றுவது நமக்குப் புதிது அல்ல. சென்னையில் 1840-ல் தொடங்கிய சிம்சன் கம்பெனி, 1950-களில் பெர்கின்ஸ் பி-6 என்ற ஆறு சிலிண்டர் டீசல் என்ஜினைத் தயாரித்தது. பெட்ரோல் குடித்த பழைய லாரிகள் பல, இந்த என்ஜினைப் பொருத்திக்கொண்டு டீசலுக்கு மாறின.

இன்று நினைத்தபடி மாற்ற முடியாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. என்ஜின் மாற்றியதை 14 நாட்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். ஆகவே, முன்கூட்டியே அங்கே கேட்டுக்கொள்வது நல்லது.

காரணத்தை விடாதீர்கள்!

புதிய என்ஜினையும் பழைய காரணம் கொன்றுவிடும். தூசி புகுந்து தேய்ந்ததா? ஏர் பில்டரையும் குழாயையும் மாற்றுங்கள். சூடேறிக் கெட்டதா? ரேடியேட்டரைப் பாருங்கள். கடற்கரை ஊரில் உப்புக் காற்று அதன் தகடுகளை அரிக்கும். இழுவை லாரி பாரத்தோடு மெதுவாகப் போவதால், எதிர்க்காற்றும் குறைவு.

வேலை முடிந்த மறுநாளே பாரம் இழுக்கக்கூடாது. முதலில் வெறும் வண்டியாக ஓட்டிப் பழக்கவேண்டும். மெக்கானிக் சொல்லும் தூரம் ஓடியதும் ஆயிலை மாற்றவேண்டும். அதன்பிறகுதான் பாரம்.

என்ஜினை இறக்க வேண்டும் என்றால், பல வீடுகளில் நகை அடகுக் கடைக்குப் போகிறது. ஆகவே மெக்கானிக்கிடம் கேளுங்கள்: "எவ்வளவு தேய்ந்திருக்கிறது? அளந்தீர்களா?" அளவைத் தாளில் எழுதி வாங்குங்கள். கழற்றிய சாமான்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அளவைப் பார்த்த பிறகு நகையைக் கழற்றலாம்!