இடைவெளியால் நேர்ந்த வழு

'பலகை' எனச் சேர்த்தெழுதின் ஒரு பொருளும், 'பல கை' எனப் பிரித்தெழுதின் வேறொரு பொருளும் தோன்றுதல் தமிழறிந்தார் யாவர்க்கும் தெளிவு. எழுத்து மாறவில்லை, இடைவெளியே பொருளை மாற்றிற்று. கற்போர் இடம்நோக்கிப் பொருளுணர்வர். கணினியோ எழுதியவாறே கொள்ளும். இதனால் விளையுங் கேட்டிற்கு, 2011ஆம் ஆண்டில் 'பம்பிள்பீ' என்னும் நிறுவற் கருவியில் நேர்ந்த வழு தக்க சான்றாகும்.

கணினித் திரைக்குரிய படங்களை ஆக்கும் உறுப்பு வரைகலைச் செயலி எனப்படும். அதனை இயக்குதளத்தின் ஏவலுக்கு அமைவிக்கும் மென்பொருளே இயக்கி. மடிக்கணினிகளில் மின்சிக்கனங் கருதி இரு வரைகலைச் செயலிகளைத் தேவைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தும் 'ஒப்டிமஸ்' முறையை என்விடியா நிறுவனம் 2010இல் அறிமுகஞ் செய்தது. லினக்ஸ் இயக்குதளத்தில் அம்முறைக்கு அக்காலத்தில் ஏற்ற ஆதரவு இன்மையின், அக்குறையை நிரப்பப் பம்பிள்பீ எழுந்தது.

அதன் நிறுவற் கட்டளைத்தொடரில், 'யூ.எஸ்.ஆர்.' என்னுங் கோப்புறையினுள் பல படி ஆழத்திலுள்ள சிறு பகுதியொன்றை நீக்குமாறு ஒரு கட்டளை அமைந்திருந்தது. அப்பகுதியைச் சுட்டும் பாதையின் நடுவே ஓர் இடைவெளி தவறுதலாகப் புகுந்துவிட்டது. கட்டளைமொழியில் இடைவெளி, பெயர்களைப் பிரிக்குங் குறி. ஆதலின் ஒரு பாதை இரண்டாயிற்று, முதற்கூறாகிய 'யூ.எஸ்.ஆர்.' முழுமையும் அழிவுக்குரியதாயிற்று. நிரல்களும் அவற்றிற்கு வேண்டிய நூலகங்களும் பெரும்பாலும் உறைவது அக்கோப்புறையிலேயே. வினவாது அழிக்க என்னும் குறிப்பும் கட்டளையோடு இருந்தது. நிறுவுதற்பொருட்டு நிர்வாகியின் முழு அதிகாரமும் கருவிக்கு அளிக்கப்பட்டிருந்தது. எனவே அதனைத் தடுப்பது எதுவும் இல்லை.

அவ்விடைவெளியை நீக்கியதே திருத்தம். ஆயினும், முன்னரே அழிந்த கோப்புகள் அதனால் மீளா. வழுவைத் திருத்துதல் வேறு; வழு நேரினும் தீங்கு விளையாதவாறு அமைத்தல் வேறு. அப்பாதை மேற்கோட்குறிக்குள் எழுதப்பட்டிருப்பின், இடைவெளியும் பெயரின் கூறாகவே கொள்ளப்படும். அத்தகைய பெயருடைய கோப்புறை இன்மையின் எதுவும் அழிந்திராது. நீக்கவேண்டியதை உடனே அழியாது பிறிதோரிடத்திற் பெயர்த்து வைத்தலும், புதிய கட்டளைத்தொடரை இழப்பதற்கு ஒன்றுமில்லாத கணினியில் முதற்கண் இயக்கிப் பார்த்தலும் இத்தகைய காப்புகளே. பிறர் கணினியில் முழு அதிகாரத்தோடு நுழையும் நிரலை எழுதுவோர்க்கு இவை கடமையாம்.