பழுது தீர்ந்தும் மீளாத விலை

விபத்தில் அடிபட்ட காரை எவ்வளவு நேர்த்தியாகச் சரிசெய்தாலும், விற்கப் போகும்போது விலை இறங்கிவிடுகிறது. விவரம் தெரிந்தவர் பெயின்ட் அளக்கும் கருவியைக் கதவில் வைத்துப் பார்ப்பார். கம்பெனி பெயின்ட் என்றால் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். பட்டி வைத்துப் பூசிய இடத்தில் அது பல மடங்கு ஏறும். பானெட் கீலின் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட கீறலும் கண்ணில் படும். அமெரிக்காவில், காரின் வரலாற்றைக் காட்டும் கார்ஃபாக்ஸ் அறிக்கையில் விபத்து பதிவாகிவிட்டால், வண்டியைப் பார்க்காமலே பேரம் தொடங்கிவிடும். பழுது பில் முழுவதையும் காப்பீட்டு நிறுவனம் கட்டியிருந்தாலும், இந்த நஷ்டம் உரிமையாளர் தலையில்தான் விழுகிறது.

இதையும் ஈடுகட்டச் சொல்லும் உரிமை அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. இடித்தவர் மீது தவறு என்றால், அவருடைய காப்பீட்டில் கேட்கப் பெரும்பாலான மாநிலங்களில் வழி உண்டு. சொந்தப் பாலிசியில் கேட்பதுதான் கடினம். பழுது பார்த்துக் கொடுத்தால் போதும், மதிப்புக் குறைவுக்குப் பணம் தர வேண்டியதில்லை என்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. ஜார்ஜியா உச்ச நீதிமன்றமோ 2001இலேயே, ஸ்டேட் ஃபார்ம் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வாடிக்கையாளர் தனியாகக் கேட்காவிட்டாலும் மதிப்புக் குறைவை நிறுவனமே கணக்கிட வேண்டும் என்று சொல்லிவிட்டது.

அந்த வழக்கிலிருந்து வந்ததுதான் '17சி' என்ற சூத்திரம். விபத்துக்கு முந்தைய விலையில் 10 சதவீதத்தை உச்ச வரம்பாக வைத்து, சேதத்துக்கு ஒரு பின்னம், ஓடிய மைலுக்கு ஒரு பின்னம் என்று பெருக்கிக் குறைப்பார்கள். 20,000 டாலர் கார், நடுத்தர சேதம், 45,000 மைல் என்று வைத்துக்கொள்ளலாம். 10 சதவீதம் 2,000, சேதத்துக்கு 0.5 என்றால் 1,000, மைலுக்கு 0.6 என்றால் மிஞ்சுவது 600 டாலர். ஒரு லட்சம் மைல் தாண்டிய வண்டிக்குச் சல்லிக்காசு கிடையாது. இந்தக் கணக்கு நியாயமானதல்ல. சந்தையில் எவ்வளவு இறங்கும் என்பதற்கும் அந்த 10 சதவீதத்துக்கும் தொடர்பில்லை. அதிக மைல் ஓடியதற்காக விபத்துக்கு முந்தைய விலையிலேயே கழித்தாயிற்று. அதே காரணத்துக்காக மறுபடியும் கழிக்கிறார்கள். இந்தச் சூத்திரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஜார்ஜியா சட்டம் சொல்லவும் இல்லை.

ஆகவே நிறுவனம் முதலில் சொல்லும் தொகைக்கு உடனே தலையாட்ட வேண்டியதில்லை. பழுது முடிந்தபின் தனி மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கலாம். அதே மாடலை விபத்தில்லாமலும் விபத்தோடும் என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று டீலர்களிடம் எழுதி வாங்குவது இன்னும் வலுவான சான்று. எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது என்ற தாளில் அதற்குமுன் கையெழுத்துப் போட்டால் வழி அடைபட்டுவிடும். ஜார்ஜியாவில் இடித்தவர் மீது வழக்குத் தொடுக்க 4 ஆண்டு அவகாசம் உண்டு. 15,000 டாலர் வரையிலான கோரிக்கையை, வக்கீல் இல்லாமலே, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம்.