உங்களுக்குத் தெரியுமா? ராத்திரி பதினொரு மணி கார்ட்டூன்!

திருப்புறம், பாறசாலைப் பக்கத்து அனிமே பிரியர்களே, போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள்! நீங்கள் விடிய விடியப் பார்க்கிற அனிமேக்கு வழி போட்டுக் கொடுத்தது யார் தெரியுமா? பிள்ளைகள் பார்க்கவே கூடாத கார்ட்டூன்கள்!

ஜப்பானில் 'ஆஸ்ட்ரோ பாய்' டிவிக்கு வந்த நாள் 1963 ஜனவரி 1. அதே வருஷம் செப்டம்பரில் பெரியவர்களுக்கென்றே ஒரு தொடர் வந்துவிட்டது. பெயர் 'செனின் புராகு'. இடைவெளி வெறும் எட்டே மாதம்!

போட்ட நேரம்? ராத்திரி பதினொரு மணிக்கு மேல்! கதை? மலையில் தவம் செய்யும் சாமியார்களின் சபலம்!

இதை எடுத்த கம்பெனி டிசிஜே. அதன் கார்ட்டூன் பிரிவுதான் பிற்பாடு எய்கென் ஆனது. எய்கென் எடுக்கும் தொடர் எது என்று கேளுங்கள். 'சஸாயே-சான்'! ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற குடும்பத் தொடர். 1969 முதல் ஓடுகிறது. உலகிலேயே மிக நீண்ட காலம் ஓடும் அனிமேஷன் டிவி தொடர் என்று கின்னஸில் ஏறிவிட்டது. சாமியார் சபலமும் குடும்பத் தொடரும் ஒரே கம்பெனி. சானலும் ஒன்றே, ஃபூஜி டிவி! இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை!

'ஆஸ்ட்ரோ பாய்' தந்த ஒசாமு தெசுகா சும்மா இருந்தாரா? 1969-ல் பெரியவர்களுக்காகவே 'ஆயிரத்தொரு இரவுகள்' படத்தைத் தயாரித்தார். நீளம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல்!

அந்த வரிசையில் மூன்றாவது படம் 'பெல்லடோனா ஆஃப் சாட்னஸ்', 1973. இதை ஒரு தடவையாவது பெரியவர்கள் பார்த்தே ஆக வேண்டும்! பல காட்சிகளில் படம் அசையவே அசையாது. வாட்டர்கலரில் தீட்டிய நீள ஓவியத்தின் மேல் கேமரா மட்டும் மெல்ல நகரும். கோயில் சுவர் ஓவியத்தை நாம் நடந்துகொண்டே பார்ப்போமே, அதே மாதிரி!

படம் ஓடவில்லை. எடுத்த முஷி புரொடக்‌ஷன் அதே வருஷம் திவால்!

ஆனால் அங்கே வேலை பார்த்த கைகள்? 1972-லேயே வெளியேறிய ஒரு கூட்டம் மேட்ஹவுஸைத் தொடங்கியது. 'டெத் நோட்', 'ஒன் பஞ்ச் மேன்' முதல் சீசன், 'ஃப்ரீரன்' எல்லாம் அவர்கள் வீட்டுச் சரக்கு!

இன்னொரு கூட்டம் தொடங்கியது சன்ரைஸ். 1979-ல் 'கண்டம்' ரோபோவை உலகத்துக்குக் கொடுத்தவர்கள்!

மேட்ஹவுஸைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஒசாமு தெசாகி. அவர் படங்களில் உச்சகட்டத்தில் எல்லாம் சட்டென்று உறையும். வரைந்த முகம் அப்படியே சாக்பீஸ் தீட்டிய ஓவியமாக மாறி நிற்கும். கண்ணீர்த் துளிகூட நகராது. இன்றும் பல அனிமேயில் ஹீரோ கடைசி அடி அடிக்கும்போது இந்த உறைதல் வரும், கவனித்துப் பாருங்கள்!

ஹயாவோ மியசாகி கதை தெரியுமா? 1971-ல் பெரியவர்களை மனதில் வைத்து 'லூபின்' திருடன் தொடர் தொடங்கியது. பார்க்க ஆளில்லை. பாதியில் இயக்குநர் மாறினார். உள்ளே வந்தவர்கள் மியசாகியும் அவர் சகா தகாஹாட்டாவும்! மியசாகி இயக்கிய முதல் முழுநீளப் படம் எது? அதே லூபின் படம்தான், 1979!

சரி, அந்த ராத்திரி நேரம் என்ன ஆனது? 1997-ல் 'இவாஞ்சலியன்' தொடரை ராத்திரியில் மறு ஒளிபரப்பு செய்தார்கள். பிய்த்துக்கொண்டு போனது! அப்புறம் ராத்திரி அனிமே வரிசை கட்டி வந்தது!

2019 ஏப்ரலில் 'டீமன் ஸ்லேயர்' முதலில் வந்ததும் டோக்கியோ சானலில் ராத்திரி பதினொன்றரைக்குத்தான். மறுவருஷம் அதன் சினிமா பத்தே நாளில் 1,000 கோடி யென் அள்ளியது. ஜப்பானில் அதுவரை வந்த எல்லாப் படத்தின் வசூலையும் தாண்டியது. அதற்கு எடுத்துக்கொண்ட நாட்கள் 73!

அதே வரிசைப் படம் 'இன்ஃபினிட்டி காஸில்' இந்தியாவுக்கு வந்த தேதி 2025 செப்டம்பர் 12. ஜப்பானிய மொழி, ஆங்கிலம், இந்தி, தெலுங்கு, ஐந்தாவதாக நம் தமிழ்! களியக்காவிளை தாண்டி இந்தப் பக்கம் வீட்டுக்குள் மட்டும் தமிழ் பேசுகிற பிள்ளைகளே, வாளை உருவிக்கொண்டு ஹீரோ தஞ்சிரோ தமிழில் பேசினான்!