வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதையும் பறிக்காதீர்கள்

நம் மலேசியத் தொடக்கப்பள்ளிகளின் கால அட்டவணையில் உடற்கல்விக்கு வாரத்துக்கு 60 நிமிடமும் நலக்கல்விக்கு 30 நிமிடமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வேகமாகும்படி ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. பள்ளி ஒரு வாரத்தில் கொடுப்பதை உடம்பு ஒவ்வொரு நாளும் கேட்கிறது. மிச்சத்தை வீடுதான் கொடுக்க வேண்டும். ஜொகூரின் செனாய் போன்ற ஊரில் வீட்டால் அது முடிகிறதா?

தோட்டம் போனது, நடையும் போனது

ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த வட்டாரம் இது. 1974இல் விமான நிலையம் வந்தது. பின்னர் தொழிற்பேட்டைகள், நெடுஞ்சாலைகள், வரிசை வரிசையாகத் தாமான் வீடுகள். தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தார்கள். மாலையில் லயத்துக்குப் பக்கத்துத் திடலில் இருட்டும்வரை காற்பந்து ஆடினார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். வறுமையும் குடற்புழுவும் சத்துக் குறைவும் இருந்த காலம் அது. ஆனால் ஓட இடம் இருந்தது, ஓடும்போது பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தார்கள்.

இன்று பெற்றோரில் பலர் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குக் கிளம்புகிறார்கள். மற்றவர்கள் இங்கேயே தொழிற்சாலைகளில் மாற்று நேர வேலை பார்க்கிறார்கள். பிள்ளை வீட்டு வாசலில் வேன் ஏறி, பள்ளி வாசலில் இறங்குகிறது. மதியம் பாட்டி வீடு அல்லது டியூஷன். வீட்டுக்கு வெளியே லாரி ஓடும் சாலை என்பதால், ‘உள்ளேயே இரு, வெளியே போகாதே’ என்று சொல்லிக் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டுப் போவதைத் தவிரப் பல வீடுகளுக்கு வேறு வழி இல்லை. இதில் பெற்றோரைக் குறை சொல்ல நான் வரவில்லை. வீட்டில் வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தவறாமல் கிடைக்கக்கூடிய ஒரே விளையாட்டு நேரம் பள்ளியின் உடற்கல்விப் பாடம்தான். அதனால்தான் அதன் ஒவ்வொரு நிமிடத்தையும் காக்க வேண்டும் என்கிறேன்.

நம் வீடுகளுக்குக் கூடுதல் அவசரம்

2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். அதே ஆய்வில் பெரியவர்களுக்கு நீரிழிவு 18.3 விழுக்காடு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. நம் வீட்டு விருந்தில் பத்துப் பெரியவர்கள் உட்கார்ந்தால் மூவருக்கு இனிப்பு நீர் என்று பொருள்.

சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வது தசை. தெற்காசிய உடல்வாகில் தசை குறைவாகவும் வயிற்றைச் சுற்றிய கொழுப்பு கூடுதலாகவும் அமைகிறது. ஒல்லியாகத் தெரியும் பிள்ளைக்கும் இது பொருந்தும். ஓடிக் குதிக்கும் தசை இன்சுலின் சொல்லுக்கு நன்றாகக் கட்டுப்படும்; சும்மா கிடக்கும் தசை மெல்ல மறுக்கத் தொடங்கும். எலும்பும் அப்படித்தான். குதித்து இறங்கும் அழுத்தத்தில்தான் அது கெட்டிப்படுகிறது, அதற்கு உகந்த வயது பருவமடைவதை ஒட்டிய ஆண்டுகள்.

கண்ணையும் சேர்த்துச் சொல்கிறேன். சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பள்ளி நாளில் 40 நிமிட வெளிப்புற வகுப்பைக் கூட்டிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, வழக்கம்போல் படித்தவர்களில் 39.5 விழுக்காடு. 2015இல் வெளியான ஆய்வு இது. கண்ணாடி போடும் வயது குறைந்துகொண்டே வரும் நம் வகுப்பறைகளுக்குத் திடலின் வெளிச்சமும் தேவை.

வரிசையில் நிற்பது உடற்கல்வி ஆகாது

பாடம் நடந்தாலும் பிள்ளைகள் அசையாமல் இருக்க முடியும். முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பந்து. முதல் மாணவன் பந்தை உருட்டிக்கொண்டு கூம்பைச் சுற்றி வந்து அடுத்தவனிடம் கொடுக்கிறான். ஒருவருக்கு அரை நிமிடம் என்று வையுங்கள். தன் முறை மறுபடி வர கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அரை மணி நேரப் பாடத்தில் ஒரு பிள்ளை ஓடியது ஒரே நிமிடம். மற்ற நேரமெல்லாம் வெயிலில் நின்று முன்னாலிருப்பவனின் சட்டையை இழுத்துக்கொண்டிருந்தான்.

அதே முப்பது பேரை ஐந்தைந்து பேராகப் பிரித்து ஆறு பந்து கொடுத்தால் எல்லாரும் ஓடுவார்கள். ஆறு தோல் பந்து இல்லையென்றால் பிளாஸ்டிக் பந்து போதும். அதுவும் இல்லையென்றால் கந்தலைச் சுருட்டிக் கட்டலாம். ஓடிப்பிடிக்கும் ஆட்டத்தில் ‘பிடிபட்டவன் வெளியே’ என்னும் விதியை எடுத்துவிட்டு, ‘பிடிபட்டவன் பத்து முறை குதித்துவிட்டு உள்ளே வரட்டும்’ என்று மாற்றினால் போதும். வெளியேற்றும் ஆட்டங்களில் முதலில் வெளியேறுவது வேகம் குறைந்த பிள்ளைதான். ஓட்டம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைத்தான் அந்த விதி ஓரத்தில் உட்கார வைக்கிறது. நொண்டியும் கபடியும் கயிறு தாண்டலும் காசு கேட்காதவை, எல்லாரையும் வியர்க்க வைப்பவை.

பல தொடக்கப்பள்ளிகளில் வேறு பாடத்துக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்தான் உடற்கல்வியையும் எடுக்கிறார். சீருடற்பயிற்சி, தாள இயக்கம், திடல்தடம் என்று பாடத்திட்டம் விரிவாகவே இருக்கிறது. ஆனால் அதைக் கற்பிக்கும் துணிவு வரப் பயிற்சி வேண்டும். எறிவது, பிடிப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, தாண்டுவது ஆகிய அடிப்படைகள் முதல் மூன்று ஆண்டுகளில் கைவராவிட்டால், பத்து வயதில் அந்தப் பிள்ளை விளையாட்டென்றாலே ஒதுங்கிக்கொள்ளும்.

கணிதப் பாடத்துக்கு உடற்கல்வி நேரத்தைக் கடன் கொடுக்கும் பழக்கமும் நிற்க வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் ரத்தாகிவிட்டது. விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு டாக்டர் மணி ஜெகதீசனை நினைவூட்டுகிறேன். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்று ‘பறக்கும் டாக்டர்’ என்று பெயர் வாங்கியவர், பின்னாளில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநரானார்.

செகாக் நாளில் கவனம்

நான்காம் ஆண்டு முதல் செகாக் உடல்தகுதிச் சோதனை உண்டு. தாளத்துக்கு ஏற்பப் பலகையில் மூன்று நிமிடம் ஏறி இறங்குதல், தண்டால், வயிற்றுத் தசைப் பயிற்சி, காலை நீட்டி அமர்ந்து முன்னால் எட்டுதல். இவற்றோடு உயரமும் எடையும். பயனுள்ள சோதனைதான். ஆனால் எடையை வகுப்பே கேட்கும்படி உரக்கப் படிக்க வேண்டாம். ‘குண்டு’ என்னும் சிரிப்பு ஒருமுறை எழுந்தால் அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டுச் செகாக் நாளில் வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொள்ளும். ஒவ்வொருவராக அழைத்து, மற்றவர்களோடு ஒப்பிடாமல் அவருடைய முந்தைய அளவோடு ஒப்பிட்டு, பெற்றோருக்கு மட்டும் தெரிவிக்கலாம்.

வெயில், இடி, புகைமூட்டம்

தொடர்ந்து மூன்று நாள்களாவது 35 முதல் 37 பாகை வரை சுட்டால் வானிலைத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடுக்கிறது. 2023இல் கிளந்தானில் 11 வயதுச் சிறுவன் வெப்பத் தாக்கத்தால் இறந்தான். உடற்கல்விப் பாடத்தைக் காலை முதல் நேரங்களில் வைப்பதுதான் சரியான தீர்வு. தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்க இடைவேளை விடுங்கள். தலைச்சுற்றல், வாந்தி, தள்ளாட்டம், உளறல் தெரிந்தால் நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 999ஐ அழையுங்கள். உளறும் பிள்ளையின் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள், புரையேறும்.

ஜொகூரின் மாலை மழை இடியோடு வரும். இடி கேட்டதும் திடலைக் காலி செய்து, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும். மரத்தடி பாதுகாப்பல்ல. புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே ஆட்டம் வேண்டாம். 2013 ஜூனில் நம் மாநிலத்து மூவாரில் அது 700ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மழையோ லேசான புகைமூட்டமோ உள்ள நாள்களில் பாடத்தை ரத்து செய்யாமல், மண்டபத்துக்குள் உடலை வளைத்து நீட்டும் பயிற்சிகளைச் செய்யலாம்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகள்

ஆஸ்துமா இருக்கிறது என்று ஆண்டு முழுவதும் விலக்குக் கடிதம் கொடுக்கும் பெற்றோர் உண்டு. நோய் கட்டுக்குள் இருந்தால் அந்தப் பிள்ளையும் ஓடலாம். மெதுவாகத் தொடங்கி உடம்பைச் சூடேற்றுவதும், உறிஞ்சு மருந்தைப் பையில் பூட்டிவைக்காமல் திடலோரத்தில் கைக்கெட்டும்படி வைப்பதும் முக்கியம். மருந்தை எப்போது இழுப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கேளுங்கள்

அடுத்த கூட்டத்தில் கட்டட நிதியோடு இதையும் பேசுங்கள். என் பிள்ளைக்கு வாரத்தில் எந்த நாள் உடற்கல்வி, சென்ற மாதம் எத்தனை முறை நடந்தது, மழை வந்தால் மாற்று ஏற்பாடு என்ன, வகுப்புக்கு எத்தனை பந்து? பந்தும் கயிறும் குறைந்தால் சங்கமே வாங்கிக் கொடுக்கலாம். அதற்குப் பெரிய தொகை ஆகாது. பாட நாளன்று காலுக்குச் சரியான காலணியும் வெறும் தண்ணீர்ப் புட்டியும் அனுப்புங்கள், இனிப்புப் பானம் வேண்டாம்.

மாலை நேரத்துக்கு, ஒரே தாமானில் உள்ள நாலு வீட்டார் முறை வைத்துக்கொள்ளலாம். இன்று ஓர் அம்மா, நாளை இன்னொரு வீட்டுத் தாத்தா என்று விளையாட்டு மைதானத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை ஓடலாம்.